கெட்டர்மன் வண்டியின் ஸ்டியரிங் கம்பி

தின்கன்ஜூன், ரங்கூன்
4 மார்ச் 1926

வேலப்பனுக்கு,

போதும். நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும். பட்டறையில் ஆட்கள் பார்க்க உன்னை அறைந்த நாளிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. உன் அக்காளைப் பார்க்கக்கூட நீ இந்த வாசலை மிதித்ததில்லை. இப்படியே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன். நேற்று மங்கலம் வந்தாள்.

உன் பஸ்ஸை ஓட்டிய சின்னத்தம்பியின் மனைவியை நீ மறந்திருக்க முடியாது. மாவ்பிச் சந்தையில் பலகாரம் விற்கிறவள், அன்றும் அடுப்பு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். சந்தை முனையில் திரும்ப வேண்டிய பஸ் திரும்பாமல் ஜனங்களுக்குள் நேரே போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். வெற்றிலை விற்ற கிழவன், ஒரு தாய், அவள் இடுப்பிலிருந்த குழந்தை, ஊ பா டின்னின் மகள். நான்கு பேரும் பஸ்ஸின் அடியில்.

அதன் பிறகு நடந்ததையும் சொன்னாள். ஜனங்கள் முதலில் உன்னைத்தான் சூழ்ந்தார்கள். வண்டி உன்னுடையது. நீ பர்மாப் பேச்சில், “அவன்தான்! குடிச்சிட்டு ஓட்டினான்!” என்று கத்திச் சின்னத்தம்பியை விரலால் காட்டினாய். நுகத்தடிகள் எழுந்தது அதற்குப் பிறகுதான். முன்பற்களை உடைத்தார்கள். கையைப் படிக்கட்டில் நீட்டி வைத்து ஏறி மிதித்தார்கள். பஸ்ஸைக் கொளுத்தி, அவனையும் அந்த நெருப்பில் தூக்கிப் போட இருந்தபோது போலீஸ் வந்து வானத்தைப் பார்த்துச் சுட்டது. நீ அந்த நேரத்தில் பின்பக்கமாக நழுவி வீடு சேர்ந்துவிட்டாய். மறுநாள் போலீசிடமும் குடித்திருந்தான் என்றே எழுதிக் கொடுத்தாய்.

“அவரு வாயில சொட்டு வைக்கிற ஆளில்லீங்க ஐயா,” என்றாள் மங்கலம். “சக்கரத்தைப் பிடிச்சு முறுக்குறாரு. வண்டி கேக்கல. ஒதுங்குங்க ஒதுங்குங்கன்னு கத்துறாரு. பஸ்ஸு பத்தி எரியறப்ப இது ரோட்டுல கெடந்துச்சு. என்னன்னு தெரியல, எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்.”

துணியை அவிழ்த்து அவள் வைத்தது ஸ்டியரிங் கம்பியின் ஒரு துண்டு. சக்கரத்தைத் திருப்பினால் முன் டயர்களைத் திருப்ப வேண்டிய கம்பி. ஒடிந்த முனையைப் பார்த்தேன். அறுத்து, உலையில் காய்ச்சி, பற்றவைத்து, அரம் போட்டு, கறுப்பு மை பூசிய இடத்திலேயே ஒடிந்திருக்கிறது. உன் கைவேலை. எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சின்னத்தம்பி இன்செயின் சிறை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தண்டனை விழுந்தால் உடைந்த விலா எலும்போடு கல் உடைக்கப் போவான். ஆள் திரும்பி வரமாட்டான். வழக்கு எடுப்பதற்குள் போலீசுக்குப் போ. குடித்திருந்தான் என்று சொன்னது பொய் என்று சொல். கம்பியை அறுத்தவன் நான் என்று சொல். இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

இப்படிக்கு,
நாகரத்தினம்

*

மாவ்பி
9 மார்ச் 1926

அத்தான் அவர்களுக்கு வேலப்பன் எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. நலமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரவாயில்லை, நானும் கேட்கவில்லை.

போலீசுக்குப் போய் நான்தான் என்று சொல் என்கிறீர்கள். தின்கன்ஜூனில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். இங்கே வந்து பாருங்கள். ஊ பா டின் தினம் காலையில் என் கடை எதிரே இருக்கும் தேநீர்க் கடையில் வந்து உட்காருகிறார். மகளைப் புதைத்த கையோடு வந்தவர் ஒரு நாளும் தவறவில்லை. பக்கத்தில் ‘தா’ சாத்தி வைத்திருக்கிறது. மூங்கில் வெட்டுகிற கத்தி என்பார்கள், மூங்கில் மட்டுமா வெட்டும்? நேற்று என்னைக் கூப்பிட்டார். “கோ வேலப்பா, அந்த இந்தியாக்காரக் கலா குடிச்சிருந்தான்னு சொன்னே. சிறையில வேலை பாக்குற என் தம்பி மவன் அவன்கிட்ட வாசனையே இல்லேங்கிறான். அப்ப யாரு?” என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார், அத்தான். என் மூத்திரம் இறங்கிவிட்டது.

ஆத்திரப்படாமல் கேளுங்கள். எல்லோரும் பிழைக்க ஒரு வழி இருக்கிறது. கெட்டர்மன் கம்பெனி மேல் போட்டுவிடலாம். அமெரிக்கக்காரன் மட்டமான இரும்பை அனுப்பி நம்மை ஏமாற்றினான் என்று நீங்கள் கோர்ட்டில் சொல்லுங்கள். கம்பெனி செத்துப்போய்விட்டது. மறுத்துப் பேச ஆள் வராது. செத்தவனைத் தூக்கில் போடவும் முடியாது. நீங்கள் அவர்கள் வண்டியை இங்கே தருவித்து விற்றவர், பி.ஏ. படித்தவர், துரைமாரோடு இங்கிலீஷில் எழுதிப் பழகியவர், அந்தக் கம்பெனி கதை அடிமுதல் நுனிவரை உங்களுக்குத் தெரியும். நீதிபதி நம்புவார். சின்னத்தம்பி வெளியே வருவான். என் தலையும் கழுத்தில் இருக்கும்.

அந்த இரும்புத் துண்டை மட்டும் ஆற்றில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. என் கைவேலை என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டியரிங் சக்கரத்தை வலப்பக்கம் மாற்றி வண்டிகள் பட்டறையை விட்டு வெளியே போனபோது நீங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில்தான் நின்றீர்கள். வாங்க வந்தவனிடம் “அமெரிக்காவிலிருந்தே இப்படித்தான் வருகிறது” என்று சொன்னது உங்கள் வாய். அந்தக் கம்பி வானத்திலிருந்து விழுந்ததென்றா நினைத்தீர்கள்?

அக்காளைக் கேட்டதாகச் சொல்லவும்.

வேலப்பன்

*

தின்கன்ஜூன்
13 மார்ச் 1926

வேலப்பா,

கம்பெனியின் கதை எனக்குத் தெரியும் என்கிறாய். உனக்குத் தெரியாது. முதல் வண்டிப் பெட்டிகளோடு அவர்கள் அனுப்பிய மெக்கானிக் ஹார்லன் சொன்னபோது நீ உலையடியில் இருந்தாய். ஆகவே கேட்டுக்கொள். யார் மேல் பழி போடச் சொல்கிறாய் என்பதாவது உனக்குத் தெரியட்டும்.

இண்டியானா மாகாணத்தில் ஒரு சிறிய ஊர். ஓட்டோ, கார்ல் என்று இரண்டு கெட்டர்மன் சகோதரர்கள். குதிரை வண்டி கட்டுகிறவர்கள். மோட்டார் வந்தபோது தொழில் போய்விடும் என்று அழுகிறவர்கள் நடுவில், இவர்கள் வண்டிக்கொட்டகைக்குப் பின்னால் தாங்களே ஒரு மோட்டாரைச் செய்தார்கள். அது ஊருக்குள் போனபோது குதிரைகள் மிரண்டு ஒரு கடைக்காரனை மிதித்துக் கொன்றன. ஜனங்கள் கல்லெறிந்தார்கள். ஓட்டோவுக்கு ஒரு கண் போயிற்று. இருந்தும் அடுத்த வருஷம் பத்து வண்டி விற்றார்கள்.

அந்த வண்டிகளுக்கு ஸ்டியரிங் கம்பி வார்ப்பிரும்பு. வாங்க வந்த ஒருவனுக்கு மலையிறக்கத்தில் ஓட்டிக் காட்டும்போது அது ஒடிந்தது. வண்டி கல் வெட்டும் பள்ளத்தில் விழுந்தது. உள்ளே இருந்தது கார்லின் மனைவியும் மகனும். அன்றிலிருந்து அந்தத் தொழிற்சாலையில் அந்தக் கம்பியை எஃகில் அடித்துத்தான் செய்தார்கள். அடித்து முடித்ததைப் பட்டடையில் குறுக்கே வைத்து ஓட்டோ தன் கையால் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார். ஒடியாமல் நின்றதற்குத்தான் முத்திரை. ஒடிந்தால் அடித்தவன் அந்த இடத்திலேயே வேலையை விட்டுப் போக வேண்டும். ஒற்றைக் கண்ணோடு முதலாளி சம்மட்டி தூக்கி நிற்பதைப் பார்க்க ஹார்லனுக்கே பயமாக இருக்குமாம்.

பெரிய கம்பெனிகள் ஒரு நாளில் செய்ததை இவர்கள் ஒரு வருஷத்தில் செய்தார்கள். யுத்தம் முடிந்ததும் விலை விழுந்தது. கூலி குறைத்தார்கள். வேலைநிறுத்தம். காவலுக்கு வைத்த ஆட்கள் வாசலில் நின்றவர்களைச் சுட்டார்கள். செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்த கூட்டம் வர்ணம் பூசும் கொட்டகையைக் கொளுத்திற்று. அந்தக் கரிக்கு நடுவில் நின்றுகொண்டுதான் கார்ல் சொன்னான்: மறுபடியும் வார்ப்பிரும்பில் செய்வோம், அப்போதுதான் பிழைக்கலாம் என்று. எந்தக் கார்ல்? அந்த இரும்பு ஒடிந்து மனைவியையும் மகனையும் பறிகொடுத்த கார்ல். ஓட்டோ சம்மட்டியைத் தூக்கித் தம்பியின் தோளில் போட்டார். எலும்பு தூளாயிற்று. மறுநாள் தம்பி துப்பாக்கியோடு வந்து அண்ணன் முழங்காலில் சுட்டான். காலை எடுத்துவிட்டார்கள். ஒருவன் கையில்லாமல், ஒருவன் காலில்லாமல் ஒரே தெருவில் பேச்சில்லாமல் இருக்கிறார்கள் என்பது ஹார்லன் கடைசியாக எழுதியது. 1923-இல் பாங்க்காரன் பூட்டிவிட்டான்.

கொலைகாரர்கள் என்று சொல், ஒப்புக்கொள்கிறேன். மட்டமான இரும்பு அனுப்பினார்கள் என்று மட்டும் என் வாயால் வராது.

அவர்கள் ஊரில் வண்டி ரோட்டின் வலப்பக்கம் போகிறது, சக்கரம் இடப்பக்கம் இருக்கிறது. நமக்கு நேர் எதிர். சக்கரத்தை மாற்ற வேறு வளைவுள்ள கம்பி வேண்டும். அதையும் அடித்து அனுப்பினார்கள். “இது வராமல் வண்டியைத் தொடாதே, பழையதை அறுக்கவே அறுக்காதே” என்று ஹார்லன் உன் முகத்துக்கு நேரே சொன்னான். நீயும் தலையாட்டினாய். கம்பெனி மூடிய பிறகு வந்த கடைசி வண்டிகளோடு அந்தக் கம்பி வரவில்லை. வேறு கப்பலில் வந்தது என்று என்னிடம் சொன்னாய். நம்பினேன். ஒரு நாள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அன்றுதான் உன்னை அறைந்தேன். விற்காமல் நின்ற அந்த ஒரு வண்டியை உடைத்துப் போடு என்றேன். அதற்குத்தான் பஸ் கூடு கட்டி மாவ்பிக்கு ஓட்டிக்கொண்டு போனாய்.

இரும்பைக் காட்டாமல் நான் சொல்லும் பொய் உன் தலையைக் காப்பாற்றும், சின்னத்தம்பியைக் காப்பாற்றாது. “எங்கே அந்த மட்டமான இரும்பு?” என்பதுதான் சர்க்கார் வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். இரும்பைக் காட்டினால் பற்றவைத்த தழும்பு தானே பேசும். குடிகாரன் இல்லை என்று நிரூபிக்க இந்த உலகத்தில் அந்தத் துண்டு ஒன்றுதான் இருக்கிறது. ஆற்றில் போடச் சொல்கிறாய்!

நீ போலீசுக்குப் போகாவிட்டால் துண்டு வக்கீல் சபாபதியிடம் போகும். மங்கலத்தின் பக்கம் நீ ஒரு அடி வைத்தாலும் எஞ்சின் சுற்றும் இரும்புப் பிடியை உன் வாயில் இறக்குவேன். நான் சொன்னால் செய்வேன் என்று உன் கன்னத்துக்குத் தெரியும்.

நாகரத்தினம்

*

மாவ்பி
18 மார்ச் 1926

அத்தான்,

கதை நன்றாக இருந்தது. ஒன்றுதான் உறுத்துகிறது. அந்த ஓட்டோ துரை வார்ப்பிரும்பு என்று கேட்ட உடனே சம்மட்டியைத் தூக்கினார். நீங்கள் அறுத்த கம்பியைப் பார்த்து என்னை அறைந்தீர்கள், பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தீர்கள். இரண்டு வருஷம் அந்த பஸ் ஓடியது உங்களுக்குத் தெரியும். அக்காளே ஒரு முறை அதில் கோயிலுக்குப் போய் வந்தாள். அப்போது மட்டும் எங்கே போயிற்று உங்கள் வாய்? என் மேல் இருந்த கோபத்தில் வாயை மூடிக்கொண்டீர்கள். ஊ பா டின்னுக்கு நான் பதில் சொல்ல வேண்டுமென்றால் நீங்களும் சொல்ல வேண்டும்.

பேசிப் பயனில்லை. துறைமுகத்து அப்பாசாமியும் இன்னொருவனும் வருவார்கள். துண்டைக் கொடுத்து அனுப்புங்கள். கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கொடுக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

வேலப்பன்

*

தின்கன்ஜூன்
23 மார்ச் 1926

வேலப்பா,

எழுத்து உன் அக்காளுடையது, சொல் என்னுடையது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்பாசாமி வந்தான். “சும்மா குடுத்துருங்க பெரியவரே, வயசான ஒடம்பு,” என்றான். கொடுக்கவில்லை. என் தலையைச் சுவரில் மோதினான். பெட்டிகளைக் கவிழ்த்தார்கள், அரிசிப் பானையை உடைத்தார்கள். கிடைக்கவில்லை. பிறகு இன்னொருவன் என் மார்பில் உட்கார, அப்பாசாமி என் வலது கையை அம்மியில் வைத்துக் குழவியால் இடித்தான். விரல் விரலாக இடித்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் “எங்க?” என்று கேட்டான். இஞ்சி இடிக்கிறவன்கூட அவ்வளவு பொறுமையாக இடிக்கமாட்டான்.

குளத்துக்குப் போயிருந்த உன் அக்காள் அப்போது திரும்பி வந்தாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியை அப்படியே தூக்கி அவன் முதுகில் ஊற்றினாள். தோல் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கதவின் தாழ்க்கட்டையை எடுத்து மற்றவன் மண்டையில் போட்டாள். கமலாட்சிக்கு இந்த வரியை எழுதப் பிடிக்கவில்லை. எழுதச் சொன்னேன்.

துண்டு வீட்டில் இல்லை. உன் கடிதம் வந்த அன்றே சபாபதியிடம் போய்விட்டது. சும்மா அடி வாங்கினேன் என்று நினைக்காதே. முன்பு எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அப்பாசாமி அதை இடித்துத் தூளாக்கிவிட்டான்.

இரண்டு வருஷம் எங்கே போயிற்று வாய் என்று கேட்டாயே. கூண்டில் அதையும் கேட்பார்கள். பதில் சொல்வேன்.

வழக்கு ஏப்ரல் ஐந்தாம் தேதி.

நாகரத்தினம்

அக்காள் எழுதுவது: தம்பி, நான் ஊற்றியது உன் மேல்தான் என்று வைத்துக்கொள். இனி இந்த வீட்டுக்கு ஆள் அனுப்பாதே. நீயும் வராதே. வேளைக்குச் சாப்பிடு.

*

மாவ்பி
28 மார்ச் 1926

அத்தான் அவர்களுக்கு,

கை வைக்கக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். அக்காள் மேல் ஆணையாகச் சொன்னேன். நம்ப மாட்டீர்கள்.

மங்கலம் ஏதோ இரும்பு எடுத்தாள் என்று சந்தையில் பேச்சு வந்துவிட்டது. நேற்று ஊ பா டின் தனியாக வரவில்லை. வெற்றிலைக் கிழவனின் மகன்கள், செத்த அந்தத் தாயின் புருஷன், எல்லோரும் வந்து தேநீர்க் கடை நிறைய உட்கார்ந்தார்கள். என் நாயின் தலை இன்று காலை கடை வாசலில் இருந்தது. உடலைக் காணவில்லை.

என்ன சொல்கிறார்கள் தெரியுமா? கோர்ட் முடியட்டும், யார் என்று தெரியட்டும் என்கிறார்கள். மரியாதைக்காரர்கள். நீங்கள் கூண்டில் ஏறி என் பெயரைச் சொல்லும் சாயங்காலம் என்னை வெட்டுவார்கள். போலீஸ் எனக்கு விலங்கு மாட்ட வருவதற்குள் வெட்டிவிடுவார்கள். ஓடலாம் என்றால், முந்தி ஓடினால் நான்தான் என்று ஆகிவிடும். ஒருவேளை நீங்கள் சொல்லாமல் இருந்துவிட்டால்? அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கப்பலிலிருந்து வெறும் கையோடு இறங்கிய என்னை உங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டீர்கள். ஸ்பானர் பிடிக்க வைத்தீர்கள். பிறகு ஹார்லன் துரை முன்னால் “இவன் பட்டறைக்காரன், இவனுக்கென்ன தெரியும்” என்றீர்கள். கம்பி வரவில்லை என்றதும் அறுத்து ஒட்டி ஓட வைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. ஓடியதா இல்லையா? இரண்டு வருஷம் ஓடியது. எனக்குத் தெரியும் என்று காட்டினேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். சொல்லப் போகிறீர்களா?

வேலப்பன்

*

1 ஏப்ரல் 1926

ஆம். சொல்லப்படும்.

இரும்புத் துண்டு மேஜைமேல் வைக்கப்படும். யார் அறுத்தது என்று கேட்பார்கள். பெயர் சொல்லப்படும். வண்டி ஓட்டியவன் மங்கலத்தோடு வீட்டுக்குப் போவான். நேற்று அவனைச் சிறையில் பார்த்தவர் சொன்னார், கஞ்சியை விழுங்கவே முடியவில்லையாம். பல் போன வாயால், “நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன்னு ஒருத்தராச்சும் சொல்லணும்,” என்றானாம். வேறொன்றும் கேட்கவில்லை. இனி எந்த உறவுக்காகவும் இது மாறாது.

ஆகவே ‘ஒருவேளை’யை விட்டுவிடு. எழுந்திரு.

மாவ்பி ஸ்டேஷனில் ஏறாதே. அங்கே கண் வைத்திருப்பார்கள். கடையைத் திறந்து வைத்துவிட்டு, பின்பக்கமாக வயல் வழியே ஆற்றுக்குப் போ. நெல் படகுகள் ரங்கூனுக்கு வருகின்றன. துறைமுகத்தில் யாரோடும் பேசாதே, அப்பாசாமி கூட்டம் இப்போது உனக்கும் சிநேகமில்லை. நான்காம் தேதி காலையில் மதராஸ் கப்பல். பர்மாக்காரன் லுங்கியைக் கட்டிக்கொள். வேட்டியோடு வராதே.

இது இரக்கம் என்று நினைத்துவிடாதே. குழவி விழுந்த விரல்களில் இரண்டை நேற்று எடுத்துவிட்டார்கள். எடுக்கும்போது உன் கழுத்து ஊ பா டின்னின் ‘தா’வுக்கு அடியில் இருப்பதை நினைத்துக்கொண்டுதான் வலியைப் பொறுத்தேன். அந்த நினைப்பு இனித்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அக்காள் கேட்டாள்: “சின்னத்தம்பிய விட்டுடாதீங்க. என் தம்பியையும் வெட்டக் குடுத்துடாதீங்க. ரெண்டும் முடியாதா?” முடியாது என்றேன். அவள் அழவில்லை. எனக்குச் சோறு ஊட்டிவிட்டு, தான் சாப்பிடாமல் தட்டைக் கழுவி வைத்தாள். அவள் தூங்கிய பிறகு எழுதுகிறேன். அவளுக்கும் தெரிய வேண்டாம்.

கோர்ட்டுக்கு வர நான் உன்னை விடவில்லை என்று ஒரு நாள் யாராவது சொல்லலாம். ஓடுகிறவனை ஓட விட்டது குற்றம்தான். நீ பிடிபட்டால் இந்தக் கடிதத்தையே நீட்டி, சாட்சியும் நானும் கூட்டு என்று சொல்லக்கூடியவன். அப்படி ஆனால் இரும்பின் பேச்சு எடுபடாது, உள்ளே இருப்பவன் உள்ளேயே கிடப்பான். அதனால் இதில் உன் பெயர் இல்லை. ஊர் பெயர் போட்டு ஆரம்பிக்கவில்லை. எழுத்து இடது கையால் எழுதியது. எறும்பு மையில் விழுந்து நடந்ததுபோல் இருக்கிறது. இதற்கு முன் நான் இப்படி ஒரு எழுத்து எழுதியதில்லை, இது யாருடையது என்று எவனும் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது.

அடியில் பெயர் போடப் பேனாவை எடுத்தேன். ‘உன் அத்தான்’ என்று போட்டால் அங்கே அடிபட்டுக் கிடப்பவனுக்குத் துரோகம். வெறும் பெயரை மட்டும் போட்டால் இவ்வளவு தூரம் எழுதியதற்குப் பொருளில்லை. பேனாவை வைத்துவிட்டேன். விடிந்ததும் பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.